பாட்டை நிறுத்திவிட்டு பிரேக்கைக் கேளுங்க

எங்க ஊரில் இப்போது வண்டி மாடு நாலே நாலு ஜோடிதான் மிச்சம். பிக்கப் வண்டிகளை எண்ணினால் முப்பதுக்கு மேலே தேறும். தக்காளி, முருங்கைக்காய், மக்காச்சோள மூட்டை, மாட்டுத்தீவனம், கல்யாணத்துக்கு நாற்காலி, சாவுக்கு ஐஸ் பெட்டி, எல்லாமே அதில்தான். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து கேரளாவுக்குக் காய் போகிறது என்று நீங்க பேப்பரில் படித்திருப்பீங்க. தோட்டத்திலிருந்து அந்த மார்க்கெட் வரைக்கும் காயைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது இந்தச் சின்ன வண்டிகள்தான்.

இதில் எனக்கு ரொம்ப நாளாக ஒரு ஆதங்கம். இந்த வண்டிகளில் நிறைய, பிரேக் கத்திக்கிட்டே ஓடுது. ஊர் முக்கு திரும்பும்போதே கேட்கும். யார் வண்டி வருதுன்னு அந்தச் சத்தத்தை வெச்சே சின்னப் பசங்க சொல்லிடுவாங்க. ஓட்டுறவருக்கு மட்டும் கேட்காது. கேட்டாலும், "லோடு வண்டிதானே, அது அப்படித்தாங்க இருக்கும்" என்று சொல்லிவிட்டு பாட்டை இன்னும் கொஞ்சம் ஏத்தி வைப்பார்.

இவங்க யாருக்கும் காது மந்தம் கிடையாது. ராத்திரி கிணத்து மோட்டார் ஓடிக்கிட்டிருக்கும்போது, வாசல் கட்டிலில் தூங்குற ஆள் திடீர்னு எழுந்து டார்ச்சை எடுத்துக்கிட்டுக் கிளம்புவார். என்னங்கன்னு கேட்டால், "தண்ணி இறங்கிருச்சு, மோட்டார் வெறும்னே ஓடுது" என்பார். போய்ப் பார்த்தால் அப்படியே இருக்கும். மாடு அசை போடுறது குறைஞ்சாலே கண்டுபிடிக்கிற ஆள், கலப்பைக் கொழு கல்லில் தட்டினதை டிராக்டர் சீட்டில் இருந்தபடியே சொல்ற ஆள், அவருக்கு பிரேக் சத்தம் மட்டும் பிடிபடாது என்றால் நான் ஒத்துக்க மாட்டேன். பழகிக்கலை, அவ்வளவுதான். மோட்டார் எரிஞ்சால் காயில் கட்ட எவ்வளவு ஆகும் என்பது கண்ணு முன்னால் தெரியுது. பிரேக் என்றால் பட்டறையில் பார்த்துக்குவாங்க என்று ஒரு நினைப்பு.

என் கட்சி இதுதான். பிரேக்கைப் பிரிச்சு மாட்டுறது மெக்கானிக் வேலை. சத்தம் எப்போ வருது, எந்தச் சக்கரத்தில் வருது, எப்போ வரலை என்று கண்டுபிடிக்கிறது வண்டிக்காரர் வேலை. அதை வீட்டு வாசலிலேயே செய்யலாம். செஞ்சுட்டுத்தான் பட்டறைக்குப் போகணும்.

டவுனில் இருக்கும் என் தங்கச்சி மகன் இதைக் கேட்டுச் சிரித்தான். "மாமா, சர்வீஸ் சென்டர்ல விட்டா அவங்களே பார்த்துடுவாங்க" என்றான். அவன் கார் வைத்திருக்கிறான். காலையில் விட்டுவிட்டு ஆபீஸ் போய், சாயங்காலம் எடுத்துக்கொள்வான். எங்களுக்கு அப்படி ஒரு நாள் வண்டியை விட்டால் அன்னைக்குப் பறிச்ச தக்காளி வரப்பில் கிடக்கும். அதனால் என்ன நடக்குதுன்னா, மார்க்கெட்டில் லோடை இறக்கிட்டு வர்ற வழியில், ஒரு பட்டறையில் நிறுத்தி, "தம்பி, பிரேக் சத்தம் வருது, என்னன்னு பாரு" என்று ஒரே வரியில் சொல்லுவோம். அந்தத் தம்பிக்கு நம்ம வண்டியை மலையில் லோடோடு ஓட்டிப் பார்க்க நேரம் உண்டா? நாலு வண்டி வரிசையில் நிற்கும். காலி வண்டியைப் பத்தடி உருட்டிப் பார்ப்பான். அப்போது சத்தம் வராது. உப்புத்தாளை எடுத்து பேடை நாலு தேய் தேய்த்து மாட்டிக் கொடுப்பான். ஒரு வாரம் சும்மா இருக்கும், எட்டாவது நாள் திரும்பக் கத்தும். இல்லையென்றால், எதுக்கு வம்பு என்று எல்லாத்தையும் புதுசாக மாத்தி பில்லைக் கையில் கொடுப்பான். அவனைத் திட்டி என்ன பண்ண? டாக்டரிடம் போய் "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தால் அவர் என்ன மருந்து எழுதுவார்?

சரி, எப்படிக் கேட்கிறது? முதலில் பாட்டை நிறுத்தணும். ரெண்டு கண்ணாடியையும் இறக்கணும். பிறகு ஒரு பக்கம் நீளமான சுவர் இருக்கிற ரோட்டுக்குப் போகணும். எங்க ஊரில் பள்ளிக்கூடத்துக் காம்பவுண்டுச் சுவர் அதுக்குத் தோதானது; ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளும் இருக்காது. சுவரை ஒட்டி மெதுவாகப் போனால் சக்கரத்துச் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பிக் காதுக்கு வரும். ஒருதரம் டிரைவர் பக்கம் சுவர் இருக்கிற மாதிரி, திரும்பி வரும்போது கிளீனர் பக்கம் சுவர் இருக்கிற மாதிரி ஓட்டினால், இடப்பக்கமா வலப்பக்கமா என்பது பாதி தெரிஞ்சுபோகும். நடை வேகத்தில் உருட்டிக்கொண்டு, வெளியே ஒரு ஆளைக் கூடவே நடக்கச் சொன்னால் முன்னாலா பின்னாலா என்பதும் தெரியும். ஆள் சக்கரத்துக்கு ரொம்பக் கிட்டே வரக் கூடாது, ஒரு பாகம் தள்ளித்தான் நடக்கணும்.

பிறகு சில கேள்விகள். பிரேக்கில் கால் வெச்சால் வருதா, கால் எடுத்தால் வருதா? காலையில் முதல் முதலில் எடுக்கும்போதா, பத்து மைல் ஓடிச் சூடான பிறகா? காலி வண்டியிலா, லோடிலா? முன்னால் போகும்போதா, ரிவர்ஸிலா? நேரே போகும்போதா, திரும்பும்போதா? இதுக்கு விடையைப் பால் கணக்கு எழுதுற நோட்டில் பின்பக்கம் எழுதி வைங்க. நான் அப்படித்தான் எழுதறேன். அந்தத் தாளைக் காட்டினால் மெக்கானிக் தம்பி முகமே மாறும். பெரியவருக்கு விஷயம் தெரியுதுன்னு அவனுக்கும் புரியும்.

சத்தத்திலேயும் ஜாதி இருக்கு. பனிக்காலத்திலும் மழை பெஞ்ச மறுநாளும் வண்டியை எடுத்தவுடனே முதல் ரெண்டு மூணு அமுக்குக்கு மட்டும் சர்ரென்று உரசும், அப்புறம் காணாமல் போகும். அது டிஸ்கில் ராத்திரி படிஞ்ச மெல்லிய துரு. பேடு அதைத் துடைச்சுவிட்டால் தீர்ந்தது. அதுக்காகப் பட்டறைக்கு ஓட வேண்டாம்.

லேசாக பிரேக் பிடிக்கும்போதெல்லாம் கீச்சென்று மெல்லிசாக, சைக்கிள் பிரேக் மாதிரி கத்தினால் யோசிக்கணும். பல வண்டிகளில் முன் பேடில் ஒரு சின்னத் தகடு வைத்திருப்பார்கள். பேடு தேய்ந்து முடியும் தருவாயில் அந்தத் தகடு டிஸ்கைத் தொட்டுக் கத்தும். கத்துறதுக்கென்றே வெச்ச தகடு அது. சில பேடில் தகடு இருக்காது. சூடேறிச் சூடேறி மேல்பக்கம் கண்ணாடி மாதிரி ஆகியும் கத்தும். எதுவானாலும் பேடைக் கண்ணால் பார்க்க வேண்டிய நேரம் வந்தாச்சு.

கரகரவென்று, அம்மிக் கல்லை ரோட்டில் இழுத்த மாதிரி வந்தால் அதில் யோசிக்கவே ஒண்ணும் இல்லை. பேடு முழுசாகத் தேய்ஞ்சு இரும்பும் இரும்பும் உரசுது. காலுக்கு அடியில் பெடலிலேயே அந்த அதிர்வு தெரியும். பின் டிரம்மில் என்றால் லைனர் தேய்ஞ்சு ரிவிட் தலை டிரம்மைக் கீறிக்கிட்டிருக்கும். அந்த நிலையில் "இந்த ஒரு லோடை மட்டும் இறக்கிட்டு வந்துடறேன்" என்கிற பேச்சே கூடாது. லோடை வேற வண்டிக்கு மாத்துங்க. வாடகை போனால் போகட்டும்.

சக்கரம் ஒரு சுத்து சுத்துறதுக்கு ஒருதரம் சர்... சர்... சர்... என்று தாளம் போட்டால், டிரம் வட்டம் தப்பியிருக்கலாம், டிஸ்க் கோணியிருக்கலாம். பெடலும் காலை உதைக்கும். டொக் என்று ஒரே தட்டு, அதுவும் ரிவர்ஸ் எடுத்து முதல் பிரேக் பிடிக்கும்போது மட்டும் வந்தால், பேடு அதன் இடத்தில் கொஞ்சம் ஆடுது என்று அர்த்தம். லேசாக என்றால் பயமில்லை. பலமாக, ஒவ்வொரு பிரேக்குக்கும் வந்தால் கிளிப் விழுந்திருக்கலாம், காலிப்பர் போல்ட் தளர்ந்திருக்கலாம். பிக்கப்பில் பட்டை ஸ்பிரிங் புஷ் தேய்ஞ்சாலும் இதே டொக் கேட்கும். பிரேக் பிடிக்கும்போது கேட்கிறதெல்லாம் பிரேக்கில் வர்ற சத்தம் என்று நினைக்கக் கூடாது.

ம்ம்ம்ம் என்று தேனீ மாதிரி இரைச்சல் வந்து, வேகம் கூடக் கூட ஏறி, வளைவில் ஒரு பக்கம் திரும்பினால் கூடி மறுபக்கம் திரும்பினால் குறைஞ்சால் அது வீல் பேரிங். இதை பிரேக் என்று நினைத்து பேடை மாற்றின ஆட்கள் உண்டு. பேடு புதுசு, இரைச்சல் அதே. சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடிச்சு ஆட்டிப் பார்த்தால் பெரும்பாலும் தெரிஞ்சிடும்.

பெடலை அமுக்கும்போது காலடியில் உஸ்ஸென்று காத்துப் போற சத்தம் நிற்காமல் கேட்டால் பூஸ்டரைப் பார்க்கணும். நம்ம கால் பலத்தைப் பெருக்கிக் கொடுக்கிற பெரிய வட்ட டப்பா அது. இதுக்கு ஒரு சோதனை, ஸ்பேனரே தேவையில்லை. இன்ஜினை நிறுத்திட்டு பெடலை நாலைந்து தரம் அமுக்குங்க, கல்லு மாதிரி இறுகும். அமுக்கினபடியே இன்ஜினைப் போடுங்க. பெடல் கொஞ்சம் கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்யுது. அசையாமல் அப்படியே நின்றால் பட்டறைக்குப் போங்க.

என் வண்டியில் நடந்த ஒண்ணைச் சொல்றேன். முன்னால் இடது சக்கரத்தில் திடீர்னு தகரத்தைக் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம். பிரேக் பிடிச்சாலும் வரும், பிடிக்கலைன்னாலும் வரும். டவுனில் ஒரு பட்டறையில் காட்டினேன், பெயர் எதுக்கு. சக்கரத்தைக் கழற்றாமலேயே, "டிஸ்க் ரெண்டும் போச்சுங்க, பேடு செட்டும் மாத்தணும், ஒம்பதாயிரம் ஆகும்" என்றார்கள். என் நோட்டில் அதுக்கு முந்தின நாள் வரைக்கும் எந்தச் சத்தமும் எழுதியில்லை. பேடு தேயுறதாக இருந்தால் ஒரே ராத்திரியில் தேயாதே. அப்புறம் வர்றேன்னு சொல்லி வண்டியை வீட்டுக்கு மெதுவாகக் கொண்டுவந்து சக்கரத்தைக் கழற்றினேன். டிஸ்குக்கும் அதுக்குப் பின்னால் இருக்கிற தூசி மறைப்புத் தகட்டுக்கும் நடுவில் ஒரு ஜல்லிக் கல். புளியங்கொட்டை அளவுதான். ஸ்க்ரூடிரைவரால் தள்ளினேன், விழுந்தது. தகட்டைக் கையால் லேசாக வெளியே வளைச்சேன். செலவு ஒரு டீ. எங்க தோட்டத்துக்குப் போற பாதைக்கு அப்போதான் ஜல்லி கொட்டியிருந்தாங்க, தார் இன்னும் வரலை. இப்போ வரைக்கும் வரலை, அது வேற கதை.

சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கிறதுக்குச் சில கட்டுப்பாடு உண்டு. களம் மாதிரி சமமான, கெட்டியான தரை வேணும். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் தலையோ காலோ கொடுக்கக் கூடாது. ஸ்டாண்டு இல்லையென்றால் கடைசிக்கு ஸ்டெப்னி டயரையாவது சேசிஸுக்கு அடியில் தள்ளி வைங்க. நிறைய பேருக்குத் தெரியாதது ஒண்ணு: இந்த மாதிரி பிக்கப்புகளில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தில்தான் பிடிக்கும். பின்பக்கத்தைத் தூக்கிட்டீங்கன்னா ஹேண்ட் பிரேக் போட்டும் பிரயோஜனம் இல்லை. முன் சக்கரத்துக்கு முன்னாலும் பின்னாலும் கட்டை கொடுத்தே ஆகணும்.

கழற்றினதும் பேடு ரெண்டையும் பாருங்க. வெளிப்பக்கத்துப் பேடு கண்ணுக்கு நேரே தெரியும், நல்லா இருக்கேன்னு மூடிடாதீங்க. காலிப்பர் நகர்கிற பின் துருப்பிடிச்சு இறுகிட்டால் உள்பக்கத்துப் பேடு மட்டும் தேய்ஞ்சுக்கிட்டே போகும். வெளியே முக்கால் பங்கு இருக்கும், உள்ளே தகடு உரசும். ரெண்டு ஒரு ரூபாய்க் காசை ஒண்ணு மேல ஒண்ணு வெச்ச கனத்துக்கு, அதாவது சுமார் 3 மில்லிமீட்டருக்குக் கீழே வந்தால் மாத்திடணும், இது நான் வெச்சிருக்கிற கணக்கு. பின் டிரம்முக்குப் பின்தகட்டில் சில வண்டிகளில் ரப்பர் மூடி போட்ட ஒரு ஓட்டை இருக்கும். மூடியை எடுத்து டார்ச் அடிச்சால் லைனர் கனம் தெரியும். டிரம்மைக் கழற்றுறதை நான் பட்டறைக்கே விட்டுடுவேன். சுத்தியலால் அடிச்சு அதை உடைச்சவங்க கதை ஊருக்கு ரெண்டு இருக்கு.

பிரேக் தூசியை வாயால் ஊதாதீங்க, காத்துப் பைப்பாலும் அடிக்காதீங்க. பழைய லைனர்களில் கல்நார் கலந்திருக்கும். நுரையீரலில் போய்த் தங்கினால் கல்நார் வெளியே வராது. ஈரத் துணியால் துடைச்சு, துணியைத் தனியாக மடிச்சுப் போட்டுடணும். எங்க ஊர்ப் பட்டறையில் வேலை பழகுற பையன் ஊதிக்கிட்டே உட்கார்ந்திருப்பான். சொன்னேன், சிரிச்சான். இன்னும் சொல்லிக்கிட்டேதான் இருக்கேன்.

சத்தத்தைக் கொல்றதுக்கு எண்ணெய் விடுற வேலை ஒண்ணு இருக்கு. கீச்சுன்னா எண்ணெய் விடணும் என்பது கிணத்துக் கப்பி கட்டின காலத்துப் புத்தி. கப்பி சுத்தணும், அதுக்கு எண்ணெய் சரி. பிரேக் பிடிக்கணும். பேடிலோ லைனரிலோ எண்ணெயோ டீசலோ பட்டால் அந்த பேடைத் தூக்கிப் போட வேண்டியதுதான். அதே மாதிரி பிரேக் ஆயில் டப்பாவில் கையில் கிடைச்ச இன்ஜின் ஆயிலை ஊத்துறதும். பேருதான் ஆயில், அது வேற ரகம் திரவம். இன்ஜின் ஆயில் பட்டால் உள்ளே இருக்கிற ரப்பர் வாஷரெல்லாம் ஊதிப்போகும். மூடியில் டாட் 3, டாட் 4 என்று எது போட்டிருக்கோ அதைத்தான் ஊத்தணும்.

இவ்வளவு சொன்னதிலேயும் எனக்குப் பெரிசாகப் படுறது ஒண்ணு. எங்க பக்கம் பிக்கப் வாங்கின மூணாம் மாசமே பின்னால் கூடுதல் பட்டை வெச்சுடுவாங்க. ஒன்றேகால் டன் ஏத்த வேண்டிய வண்டியில் ரெண்டு டன் ஏத்தணுமே. சில பிக்கப்புகளில் பின் அச்சுக்கு மேலே சேசிஸில் ஒரு வால்வு இருக்கும், அதிலிருந்து ஒரு கம்பி அச்சுக்குப் போகும். லோடு ஏறினால் சேசிஸ் கீழே இறங்கும், கம்பி அசையும், வால்வு பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டிக் கொடுக்கும். காலி வண்டியில் பின்சக்கரம் இழுத்துக்கிட்டுப் போயிடக் கூடாது, லோடு வண்டியில் பின்சக்கரமும் பாரத்துக்குத் தக்க பிடிக்கணும், அதுக்குத்தான் இந்த ஏற்பாடு. இப்போ பட்டையைக் கூட்டிட்டீங்க. ரெண்டு டன் ஏத்தினாலும் சேசிஸ் இறங்காது. வால்வைப் பொறுத்தவரைக்கும் வண்டி இன்னும் காலிதான். பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் குறைச்சேதான் கொடுக்கும். மொத்தப் பாரத்தையும் முன் டிஸ்க் ரெண்டுமே நிறுத்தணும். சூடேறும், கண்ணாடி ஆகும், கத்தும், சீக்கிரம் தேயும்.

வண்டிக்காரர் என்ன சொல்லுவார்? "முன்னால சத்தம் வருது, பேடு சரியில்லை, போன தடவை போட்டது டூப்ளிகேட்" என்பார். நாலு மாசத்துக்கு ஒருதரம் பேடு மாத்திக்கிட்டே இருப்பார். சத்தம் முன்னால், கோளாறு பின்னால். பின் பிரேக் பாவம், சத்தமே போடாது. வேலை செஞ்சால்தானே சத்தம் வரும்? சேறு குழம்பி அட்ஜஸ்டர் இறுகிப்போன டிரம்மும் இப்படித்தான், கம்முன்னு கிடக்கும். அதனாலதான் கத்துற சக்கரத்தை மட்டும் பார்க்காதீங்கன்னு சொல்றேன். பின்சக்கரத்தைத் தூக்கி, கியரை நியூட்ரலில் வெச்சு, ஹேண்ட் பிரேக்கை இறக்கி, உள்ளே ஒரு ஆளை பெடலை அமுக்கச் சொல்லிட்டு, கையால் சக்கரத்தைச் சுத்திப் பாருங்க. சுத்தினால் அந்தச் சக்கரத்துக்கு பிரேக் இல்லை. ரெண்டு பக்கமும் பார்க்கணும்.

இது சமதளத்தில் ஓடுற வரைக்கும் தெரியாது. ஒட்டன்சத்திரத்திலிருந்து வடகாடு, பரப்பலாறு அணை வழியாக பாச்சலூருக்கு மலைப்பாதை ஏறுது. மேலே வாழை, சௌசௌ, அவரை. ஏறும்போது காலி வண்டி, இறங்கும்போது முழு லோடு. பிரேக்குக்கு இதைவிட மோசமான கணக்கு இருக்க முடியாது. இறங்கும்போது டீசல் மிச்சம் பண்றேன்னு நியூட்ரலில் விடுறவங்க இருக்காங்க; இன்ஜினையே நிறுத்திட்டு இறங்குறவங்களும் இருக்காங்க. இன்ஜின் நின்னால் பூஸ்டருக்கு வாக்குவம் கொடுக்கிற பம்பும் நின்னுடும். உள்ளே மிச்சம் இருக்கிறது ரெண்டு மூணு அமுக்குக்குக் காணும். அப்புறம் ரெண்டு காலையும் வெச்சு மிதிச்சாலும் வண்டி சொன்னபடி கேட்காது. எந்த கியரில் ஏறினோமோ அந்த கியரில் இறங்கணும் என்று பழைய லாரி டிரைவர்கள் சொல்வாங்க. இன்ஜின் பாதி வேலையைச் செஞ்சுடும்.

தேய்ஞ்ச நாற்றம் வந்து, பெடல் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்க மறுத்தால் பேடு சூட்டில் பிடியை விட்டுடுச்சு. பெடலே பஞ்சு மாதிரி அமுங்கினால் பிரேக் ஆயில் கொதிச்சு ஆவியாகிடுச்சு. அந்தத் திரவம் காத்திலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 3 திரவம் குறைஞ்சது 205 டிகிரி வரைக்கும் கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறினதுக்கு வெச்சிருக்கிற அளவு 140 டிகிரிதான். வருஷக்கணக்கில் மாத்தாமல் காப்பி நிறத்தில் கிடக்கிற ஆயிலோடு மலை இறங்குறவங்க இதை யோசிக்கணும். எந்த நிலையானாலும் ஓரமாக நிறுத்தி ஆற விடுறதுதான் வழி. சூட்டில் தண்ணியை மொண்டு ஊத்தாதீங்க, வார்ப்பிரும்பு விரிசல் விடும். கொஞ்ச தூரம் ஓடின பிறகு நாலு சக்கரத்துக்கும் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோங்க, தொட வேண்டாம். ஒண்ணு மட்டும் அடுப்பு மாதிரி அனல் அடிச்சால் அந்த பிரேக் விடாமல் பிடிச்சுக்கிட்டே இருக்கு. ஒண்ணு மட்டும் சில்லுன்னு இருந்தால் அது பிடிக்கவே இல்லை.

எஃப்.சி. காட்டப் போகும்போது புதுப் பெயின்ட், சிவப்பு ஸ்டிக்கர், நம்பர் எழுத்து என்று அவ்வளவு பாடுபடுறோம். கண்ணாடியில் குலதெய்வம் பேரை எழுத ஆயிரம் ரூபாய் கொடுக்கிறோம். அந்தக் குலதெய்வத்துக்கும் பாவம் ஒரு அளவுதானே முடியும்.

இன்னொண்ணு, சொல்லாமல் விட முடியாது. சரக்கு வண்டியில் ஆள் ஏத்தக் கூடாது என்பது சட்டம். ஆனால் விடிகாலை ஆறு மணிக்கு எங்க பக்கத்து ரோட்டில் நின்று பாருங்க. களை எடுக்க, காய் பறிக்கப் போற பொம்பளைங்க பதினஞ்சு இருபது பேர் பிக்கப் தொட்டியில் நின்னுக்கிட்டே போவாங்க. அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது. தூக்குப் போசியும் கையுமாக, பக்கவாட்டுக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, எங்க அண்ணன் பொண்டாட்டியும் அதில் ஒருத்தராகத்தான் போறாங்க. மூட்டை என்றால் விழுந்தால் எடுத்து அடுக்கிக்கலாம். இவங்க ஏறின வண்டியும் அதே கீச்சுச் சத்தத்தோடுதான் முக்கு திரும்புது. "மைனி, இந்த வண்டியில ஏறாதீங்க" என்றேன். "அப்ப கூலிக்கு நீ கூட்டிட்டுப் போறியா?" என்று கேட்டாங்க. அதுக்கு என்னிடம் பதில் இல்லை. வண்டிக்காரரிடம் பேசினேன். அவர் என் மச்சினனுக்குக் கூட்டாளி. அந்த வண்டியிலும் கூடுதல் பட்டை ரெண்டு இருக்கு.

மச்சினன் என் பேச்சை ஒத்துக்கிறதில்லை. "மாமா, நீங்க சொல்ற மாதிரி பட்டையை எடுத்தா மார்க்கெட்டுக்கு ரெண்டு நடை அடிக்கணும், டீசல் யார் போடுறது?" என்கிறான். அவன் கணக்கும் பொய்யில்லை. தக்காளி கிலோ அஞ்சு ரூபாய்க்குப் போற நாளில் ரெண்டாவது நடை என்பது கைக்காசுதான். காய் விலைக்கு ஒரு நிச்சயம் இருந்தால் பாதிப் பேர் ரெண்டு டன் ஏத்த மாட்டாங்க என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் பட்டையை எடுக்க மாட்டேன் என்றால் வால்வையாவது அதுக்குத் தக்கபடி தெரிஞ்ச ஆளிடம் காட்டு, பின் டிரம்மைச் சுத்தம் பண்ணு, நோட்டில் எழுது என்று சொல்லியிருக்கேன். முதல் ரெண்டுக்கும் தலையாட்டினான். நோட்டுக்கு மட்டும் சிரிக்கிறான்.

வர்ற ஞாயிற்றுக்கிழமை அவன் வண்டியையும் அந்தக் கூட்டாளி வண்டியையும் எங்க களத்துக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கேன். பள்ளிக்கூடச் சுவரோரம் ஓட்டிப் பார்த்துட்டு, பின்சக்கரம் நாலையும் தூக்கிப் பார்க்கிறதாகப் பேச்சு. ஸ்டாண்டு என்னிடம் ரெண்டு இருக்கு. பெரிய ஜாக்கி அவன் கொண்டுவரணும்.